கை தூக்காத பையனுக்கு என்ன சொல்வது?

கேள்வி: ஐயா, எங்கள் சபையில் ஓய்வுநாள் பள்ளி சீனியர் வகுப்பு எடுக்கிறேன். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள். ஆதித் திருச்சபையின் உபத்திரவம் பற்றி நான்கு வாரப் பாடம். முதல் வாரம் ரோமப் பேரரசர் நீரோ, சிங்கங்கள், இரத்தசாட்சி பெர்பெத்துவா எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "இயேசுவுக்காக உயிரைக் கொடுக்க யார் யார் ஆயத்தம்? கை தூக்குங்கள்" என்றேன். ஒரு பையன் மட்டும் தூக்கவில்லை. வகுப்பு முடிந்து எல்லாரும் போனபிறகு வந்து, "மிஸ், எனக்குப் பயம். அந்தக் காலத்துல இருந்திருந்தா நான் அவங்க சொன்னபடி கும்பிட்டுட்டு வந்திருப்பேன். அப்படிச் செஞ்சவங்களச் சபை என்ன செஞ்சுது?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. மீதி மூன்று வாரத்தை எப்படி நடத்துவது? எதைச் சொல்லலாம், எதைத் தவிர்க்க வேண்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் வகுப்பில் சரித்திரம் சரியாகப் பிடிபட்டது அந்தப் பையனுக்குத்தான். அவன் கேட்ட இதே கேள்வி 250ஆம் ஆண்டு தொடங்கி வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் சபையையும் ரோமச் சபையையும் பிளக்கும் அளவுக்குக் கொண்டுபோனது. மற்றப் பிள்ளைகள் கை தூக்கியதற்கு அந்தக் காலத்துப் பதிலும் ஒன்று உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இனி கை தூக்கச் சொல்லாதீர்கள். இன்றைய துருக்கியிலிருந்த சிமிர்னா சபையின் கண்காணி (பிஷப்) பாலிகார்ப் கொல்லப்பட்டபோது அந்தச் சபையார் மற்றச் சபைகளுக்கு எழுதிய கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதில் குவின்டஸ் என்று ஒருவன் வருகிறான், பிரிகியாவிலிருந்து வந்தவன். யாரும் தேடாமலே தானாகப் போய் நின்றான், வேறு சிலரையும் கூட்டிக்கொண்டு போனான். மைதானத்தில் மிருகங்களைப் பார்த்ததும் வெலவெலத்துப் போய், தேசாதிபதி சொன்னபடி சத்தியம் செய்து தூபமும் போட்டுவிட்டான். இதனால்தான் தாங்களாகப் போய் ஒப்புக்கொடுப்பவர்களை நாங்கள் மெச்சுவதில்லை என்று சிமிர்னா சபையார் வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். பாலிகார்ப்போ நண்பர்கள் சொன்னதைக் கேட்டு ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டுக்குப் போனார், அங்கும் தேடுகிறார்கள் என்றதும் இன்னொன்றுக்கு மாறினார். பிடிபட்ட பிறகு வந்தவர்களுக்குச் சாப்பாடு போடச் சொன்னார், ஜெபிக்க ஒரு மணி நேரம் கேட்டு இரண்டு மணி நேரம் ஜெபித்தார். ஓடி ஒளிந்தவர்தான் உறுதியாக நின்றார், முந்திப் போனவன் விழுந்தான். உங்கள் இரண்டாம் வாரப் பாடத்தை இங்கேயே தொடங்கலாம்.

அடுத்து, பிள்ளைகளுக்குக் காலவரிசை வேண்டும். 'முந்நூறு வருஷம் இடைவிடாத உபத்திரவம்' என்று பிரசங்கத்தில் சொல்வது வழக்கம், ஆனால் அது சரியில்லை. 64இல் நீரோ செய்தது ரோம் நகரத்தோடு நின்றது. 112 வாக்கில் பித்தினியா, பொந்து மாகாணத்தின் ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று பேரரசர் டிராஜனுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். தேடிப் பிடிக்க வேண்டாம், பெயரில்லாத மொட்டைக் கடிதங்களை ஏற்க வேண்டாம், புகார் வந்து நிரூபணமானால் தண்டியுங்கள், தெய்வங்களை வணங்கி மறுதலித்தால் விட்டுவிடுங்கள் என்று பதில் வந்தது. அடுத்த நூற்றைம்பது வருஷம் ஏறக்குறைய இப்படித்தான் நடந்தது: ஊருக்கு ஊர் வேறு, அக்கம்பக்கத்தாரின் பகையைப் பொறுத்தது. பேரரசு முழுவதும் ஒரே உத்தரவாக வந்தது மூன்று முறை. பேரரசர் டேசியஸ் காலத்தில் 250, 251. வலேரியன் காலத்தில் 257 முதல் 260 வரை. பிறகு டயோக்ளீஷியன் 303இல் தொடங்கியது, 311இல் பேரரசர் கலேரியஸ் விட்டுக்கொடுக்கும் வரை. இதைப் பலகையில் ஒரு கோடு போட்டுக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குமேல் இதில் நேரம் போட வேண்டாம்.

நேரம் போட வேண்டியது டேசியஸின் உத்தரவில். அதில்தான் உங்கள் பையன் இருக்கிறான்.

அந்த உத்தரவு கிறிஸ்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. பேரரசின் குடிகள் எல்லாரும் உள்ளூர்க் குழுவின் முன்னால் வந்து தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும், பானபலி ஊற்ற வேண்டும், பலியிட்ட இறைச்சியில் கொஞ்சம் ருசி பார்க்க வேண்டும். செய்து முடித்தவருக்கு ஒரு சான்றிதழ். எகிப்தின் மணலில் இந்தச் சான்றிதழ்கள் பாப்பிரஸ் தாளில் நாற்பதுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. எல்லாம் நம் தாலுகா ஆபீஸ் மனு மாதிரி ஒரே வாசகம்: பலிகளை மேற்பார்வையிடத் தெரிந்தெடுக்கப்பட்டவர்களுக்கு, இன்ன ஊர், இன்னாருடைய மகன் எழுதிக்கொண்டது, நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்பாக உத்தரவுப்படி பலியிட்டேன், பானபலி ஊற்றினேன், பலியில் ருசி பார்த்தேன், கீழே சான்றளிக்கக் கேட்டுக்கொள்கிறேன். அதன் கீழே பார்த்தவர்களின் கையெழுத்து, தேதி. 1893இல் முதன்முதலாக வெளியிடப்பட்ட சான்றிதழ், சத்தாபுஸ் மகன் அவுரேலியஸ் டியோகெனஸ் என்பவருடையது. வயது 72, வலது புருவத்தில் தழும்பு என்று அங்க அடையாளமும் எழுதியிருக்கிறது. அவர் கிறிஸ்தவரா என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. முதலைத் தெய்வமான பெத்தெசூகோஸின் பூசாரிப் பெண் ஒருத்தியின் சான்றிதழும் கிடைத்திருக்கிறது. எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

வகுப்பில் இதை ஒரு ஏ4 தாளில் தமிழில் படிவமாக எழுதி, பெயர், ஊர், வயது, தழும்பு என்று கோடிட்ட இடம் விட்டு ஆளுக்கு ஒன்று கொடுங்கள். நிரப்பச் சொல்லாதீர்கள். "இந்தத் தாள் இல்லாவிட்டால் நாளைக்கு உன் வீட்டில் யாருக்கு என்ன ஆகும்?" என்று மட்டும் கேளுங்கள். அப்பா வேலை, அக்கா கல்யாணம், வீட்டு வாடகை என்று அவர்களே சொல்லுவார்கள். நீதிபதி, சேவகன் என்று வேஷம் கட்டி நாடகமாக்கினால் பத்தே நிமிடத்தில் சிரிப்பாகிவிடும், அதனால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இனி, விழுந்தவர்கள். கார்த்தேஜ் சபையின் கண்காணி சிப்ரியான் எழுதியதைப் பார்த்தால் கூட்டம் கூட்டமாக விழுந்திருக்கிறார்கள். பிடிக்கப்படும் முன்பே பொதுச்சதுக்கத்துக்கு ஓடியிருக்கிறார்கள். பொழுது சாய்ந்துவிட்டது, நாளை வாருங்கள் என்று அதிகாரிகள் சொன்னபோதும், இன்றைக்கே முடித்துவிடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி விழவில்லை. இறைச்சிப் பலியே கொடுத்தவர்கள் ஒரு வகை. தூபம் மட்டும் போட்டவர்கள் இன்னொரு வகை. மூன்றாவது வகை, பலியே இடாமல் பணம் கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கிக்கொண்டவர்கள். ரோமிலிருந்து செலெரினுஸ் என்ற விசுவாசி எழுதிய ஒரு கடிதத்தில் ஒரு பெண் வருகிறாள். பலியிடும் இடத்துக்குப் போகும் வழியில் 'மூன்று விதிகள்' என்ற விதித் தெய்வங்களின் சிலைகள் வரைக்கும் ஏறினாள், அங்கேயே காசு கொடுத்துவிட்டுத் திரும்பி இறங்கிவிட்டாள். இவள் மறுதலித்தவளா, இல்லையா? வகுப்பில் இதைக் கேளுங்கள், நல்ல விவாதம் வரும். ஒன்று சேர்த்துச் சொல்லுங்கள்: கார்த்தேஜிலிருந்து வந்து சேர்ந்த 65 விசுவாச அறிக்கையாளர்களை, அதாவது மறுதலிக்காமல் பாடுபட்டும் உயிரோடிருந்தவர்களை, துறைமுகத்துக்குப் போய்ப் பார்த்து, ரோமில் அவர்களைப் பராமரித்தது இவளும் இவளோடு விழுந்த இன்னொரு பெண்ணும்தான்.

சபை என்ன செய்தது என்று கேட்டான் அல்லவா? முதலில் குழம்பியது. சிறையிலிருந்த விசுவாச அறிக்கையாளர்கள், விழுந்தவர்களுக்கு, இவர்களைத் திரும்பச் சபையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சமாதானச் சீட்டு எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். உபத்திரவம் பட்டவன் வாக்குக்கு மதிப்பு அதிகம், அதனால் சீட்டு பணம் மாதிரிப் புழங்கிவிட்டது. "இவரை இவருடைய ஆட்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுதினால், அந்த 'ஆட்கள்' இருபது முப்பது பேர் வரைக்கும் போனதாகச் சிப்ரியான் புலம்புகிறார். ரோமில் நொவாத்தியன் என்ற மூப்பர் நேர் எதிர்ப்பக்கம் போனார்: விழுந்தவரைச் சபை மன்னிக்கவே முடியாது, அது கடவுள் கையில் என்றார். அவருக்கென்று தனிச் சபையே உண்டானது, பல நூற்றாண்டு நீடித்தது.

251இல் கார்த்தேஜில் கண்காணிகள் கூடினார்கள். ஒவ்வொருவருடைய நிலைமையையும் தனித்தனியாக விசாரிப்பது என்று முடிவு செய்தார்கள். சான்றிதழ் மட்டும் வாங்கினவர்கள் மனந்திரும்புதலுக்குப் பிறகு சேர்க்கப்படலாம். பலியிட்டவர்கள் நீண்ட மனந்திரும்புதலில் இருக்க வேண்டும், சாகும் தறுவாயில் திருவிருந்து மறுக்கக்கூடாது. அடுத்த ஓரிரு வருஷத்தில் புதிய உபத்திரவம் வரும் என்ற பேச்சு எழுந்ததும், மனந்திரும்புதலில் நின்றுகொண்டிருந்த எல்லாரையும் உடனே சேர்த்துக்கொண்டார்கள். இதற்கு அவர்கள் சொன்ன காரணத்தைக் கட்டாயம் வகுப்பில் படித்துக் காட்டுங்கள்: இரத்தம் சிந்தப் போகிறவர்களுக்குக் கர்த்தருடைய பாத்திரத்தை மறுத்துவிட்டு எந்தப் பலத்தில் அவர்களை நிற்கச் சொல்வது? போன தடவை விழுந்தவன் இந்தத் தடவை நிற்பான் என்று எதிர்பார்த்தே திட்டம் போட்டிருக்கிறார்கள். ஆதிச் சபையின் நம்பிக்கை எதைப் போல இருந்தது என்று யாராவது கேட்டால், நான் இந்தத் தீர்மானத்தைத்தான் காட்டுவேன்.

சிப்ரியானும் 250இல் ஒளிந்தவர்தான். ஒரு வருஷத்துக்கு மேல் மறைவிலிருந்து கடிதம் மூலமே சபையை நடத்தினார், அதற்காக ரோமச் சபைக் குருக்களிடமிருந்து குத்தலான கடிதமும் வாங்கிக்கொண்டார். 258 செப்டம்பர் 14இல் வலேரியன் ஆட்சியில் அவரைத் தலை வெட்டிக் கொன்றபோது, வெட்ட வந்தவனுக்கு 25 பொற்காசு கொடுக்கச் சொன்னார். உங்கள் பையனிடம் இந்த எட்டு வருஷ இடைவெளியைச் சொல்லுங்கள்.

ஐம்பது வருஷம் கழித்து அலெக்சாந்திரியாவின் பேதுரு என்ற கண்காணி, 306ஆம் ஆண்டு ஈஸ்டர் காலத்தில், இதையே இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார். சித்திரவதையில் உடம்பு தாங்காமல் விழுந்தவர்கள் ஏற்கெனவே மூன்று வருஷம் அழுதாயிற்று, இன்னும் 40 நாள் போதும். சிறையில் மட்டும் இருந்து விழுந்தவர்களுக்கு இன்னும் ஒரு வருஷம். ஒன்றும் படாமல் பயத்தால் விழுந்தவர்களுக்கு நான்கு வருஷம். தங்களுக்குப் பதிலாக அடிமையை அனுப்பிப் பலியிட வைத்த எஜமான்களுக்கு மூன்று வருஷம், அந்த அடிமைக்கு ஒரே வருஷம். பணம் கொடுத்துத் தப்பியவர்மேல் குற்றமில்லை, பண நஷ்டத்தை ஏற்றார்கள். ஊரைவிட்டு ஓடியவர்மேலும் குற்றமில்லை. அந்தக் காலத்திலேயே இதற்கு எதிர்ப்பு இருந்தது. எகிப்திலேயே மெலித்தியஸ் என்ற கண்காணியின் தலைமையில் ஒரு பிரிவு உண்டானது. ஆனால் வலியையும் பயத்தையும் வேறு வேறாக அளந்து, எஜமானையும் அடிமையையும் வேறு வேறாகப் பார்த்த அந்தக் கணக்கு பிள்ளைகளுக்கு உடனே புரியும். பேதுருவே பிறகு 311இல் கொல்லப்பட்டார்.

வசனம் தேடுவீர்கள் என்பதால் ஒன்று. மத்தேயு 10ஆம் அதிகாரத்தில் 33ஆம் வசனம் மறுதலிக்கிறவனைப் பற்றியது. அதே அதிகாரம் 23ஆம் வசனம், ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போகச் சொல்கிறது. பத்து வசன இடைவெளியில் இரண்டும் இருக்கின்றன. கண்டிப்பானவர்கள் ஒன்றை எடுத்தார்கள், ஓடியவர்களுக்காகப் பேசியவர்கள் மற்றதை எடுத்தார்கள். வகுப்பில் இரண்டையும் ஒருசேர வாசியுங்கள். ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்ய வைப்பதால்தான் பயந்த பிள்ளை தனியாகிப் போகிறது.

மூன்றாம் வாரத்துக்கு சிர்த்தா, டயோக்ளீஷியன் காலம். இன்றைய அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரம். 303 மே 19ஆம் தேதி நகர அதிகாரி முனாத்தியஸ் பெலிக்ஸ், எழுத்தரோடு சபை கூடும் வீட்டுக்கு வந்து, வேத புத்தகங்களையும் சொத்துகளையும் ஒப்படைக்கச் சொன்னார். எடுத்தது ஒவ்வொன்றும் பதிவானது. தங்கப் பாத்திரம் 2, வெள்ளிப் பாத்திரம் 6, வெள்ளிக் குடம் 6, வெள்ளி விளக்கு 7, சங்கிலியோடு வெண்கல விளக்கு 11. இவையும் இன்னும் சிலவும்தான் சபையின் ஆராதனைச் சாமான். பிறகு வருகிறது: பெண்கள் அங்கி 82, பெண்கள் முக்காடு 38, ஆண்கள் அங்கி 16, ஆண்கள் செருப்பு 13 ஜோடி, பெண்கள் செருப்பு 47 ஜோடி. ஏழைகளுக்கும் விதவைகளுக்கும் கொடுக்கச் சேர்த்து வைத்தவை என்றே பலர் கருதுகிறார்கள். அது ஒரு துணிக்கிடங்கு. உபத்திரவ நாளில் அரசு உடைத்துப் பார்த்த இடத்தில் அகப்பட்டது 47 ஜோடிச் செருப்பு.

புத்தக அலமாரிகள் காலியாக இருந்தன. உதவி டீக்கன் ஒருவர் மிகப் பெரிய ஏடு ஒன்றை மட்டும் கொண்டுவந்தார். மீதி எங்கே என்று கேட்டால், ஆராதனையில் வேதம் வாசிக்கும் பொறுப்பிலிருந்த வாசிப்பவர்களிடம் இருக்கிறது என்றார். அவர்களைக் காட்டு என்றதற்கு, நாங்கள் காட்டிக்கொடுப்பவர்கள் இல்லை, வேண்டுமானால் எங்களைக் கொல்லச் சொல்லுங்கள் என்றார்கள். பெயர்களோ எப்படியும் வெளிவந்துவிட்டன, அதிகாரி வீடு வீடாகப் போனார். இலக்கண ஆசிரியர் விக்டர் இரண்டு ஏடும் நான்கு கட்டுத் தாள்களும் கொடுத்தார். இன்னும் இருக்கும் என்று அதட்டியதும், இருந்திருந்தால் கொடுத்திருப்பேன் என்றார். கோதேயோ என்பவர் வீட்டில் அவர் இல்லை, மனைவி ஆறு ஏடுகளைக் கொடுத்தாள். அரசு அடிமை ஒருவன் வீட்டுக்குள் போய்த் தேடிவிட்டு, ஒன்றும் இல்லை என்றான். ஒருத்தி தனியாக வாசலில் நிற்கிறாள், உள்ளே ஆள் தேடுகிறான். இந்த இடத்தில் நிறுத்திப் பிள்ளைகளை யோசிக்க விடுங்கள்.

இந்தக் காகிதம் நமக்குக் கிடைத்ததே ஒரு சண்டையால். அன்றைக்குச் சாமான்களை எடுத்துக்கொடுத்தவர்களில் ஒருவரான சில்வானுஸ் பிறகு அங்கேயே கண்காணி ஆனார். 320இல் அவர்மேல் விசாரணை வந்தபோது, பழைய பதிவை எடுத்து வாசித்தார்கள். அதற்குள் ஆப்பிரிக்கச் சபை, புத்தகத்தைக் கொடுத்தவர் செய்த ஊழியம் செல்லுமா செல்லாதா என்று இரண்டாகியிருந்தது. இதை ஒரு வரியில் தாண்டிவிடுங்கள், செல்லாது என்று பிரிந்துபோன டொனாத்தியரின் கதை தனியாக நான்கு வாரம் எடுக்கும். ஆனால் எகிப்தின் ஒரு பாப்பிரஸைச் சேர்த்துக்கொள்ளலாம்: 304 பிப்ரவரியில் கீசிஸ் என்ற கிராமத்துச் சபையின் வாசிப்பவர், எங்கள் சபையில் பொன் இல்லை, வெள்ளி இல்லை, பணம் இல்லை, துணி இல்லை, மாடு இல்லை, அடிமை இல்லை, நிலம் இல்லை, வெண்கலச் சாமான் மட்டும் இருந்தது என்று சத்தியப் பத்திரம் கொடுக்கிறார். முடிவில், அவருக்கு எழுத்து தெரியாததால் வேறொருவர் எழுதியதாகக் குறிப்பு. வேதம் வாசிக்கிறவருக்கு எழுத்து தெரியாதா? கிரேக்கம் தெரியாமல் எகிப்தியரின் கோப்டிக் மொழி மட்டும் தெரிந்திருக்கலாம், கையெழுத்துப் போடாமல் தப்பப் பார்த்திருக்கலாம். பிள்ளைகள் இரண்டாவதைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

நான்காம் வாரம் சிறை. ரோமச் சிறையில் சாப்பாட்டை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் பட்டினி. 203இல் கார்த்தேஜில் பெர்பெத்துவா அடைபட்டபோது, தெர்சியுஸ், பொம்போனியுஸ் என்ற இரண்டு டீக்கன்கள் காவலருக்குப் பணம் கொடுத்து, சில மணி நேரம் காற்றோட்டமான பகுதிக்கு மாற்றினார்கள், அங்கேதான் அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். ஆமாம், லஞ்சம்தான். பிள்ளைகள் கேட்டால் மழுப்பாமல் சொல்லுங்கள். சிப்ரியான் மறைவிலிருந்து எழுதிய கடிதங்களில் இன்னும் நுட்பமான ஏற்பாடு: சிறையில் இருப்பவர்களைப் பார்க்கக் கூட்டமாகப் போகாதீர்கள், போனால் வாசலை அடைத்துவிடுவார்கள். ஒரு மூப்பர், ஒரு டீக்கன் என்று முறை வைத்து மாறி மாறிப் போங்கள், ஆள் மாறினால் சந்தேகம் குறையும். சிறையில் இறந்தவர்களின் தேதியைக் குறித்து வையுங்கள், அந்த நாளில் நினைவுகூர வேண்டும். இவ்வளவையும் பிள்ளைகள் ஒரு தாளில் வேலைப் பட்டியலாக எழுதட்டும்: யார் எந்த நாள் போவது, யார் சாப்பாடு, யார் காவலரிடம் பேசுவது, யார் தேதி எழுதுவது, கைதியின் பிள்ளையை யார் வைத்துக்கொள்வது. உங்கள் சபையின் ஊழியப் பட்டியலோடு ஒப்பிட்டால் அதிக வித்தியாசம் இருக்காது.

கேட்டகோம்பைப் பற்றி எப்படியும் கேட்பார்கள். அவை ரோமில் நிலத்தடியில் வெட்டிய கல்லறைகள். ஒளிந்து வாழ்ந்த இடம் என்று படம் வரைந்து காட்டாதீர்கள். எங்கே இருக்கின்றன என்று அதிகாரிகளுக்குத் தெரியும். 257இல் வலேரியன் அங்கே கூடுவதைத் தடை செய்தார், மறு வருஷம் ரோமின் கண்காணி சிக்ஸ்துஸ் அங்கே பிடிபட்டுக் கொல்லப்பட்டார். ஆனால் அந்தச் சுவர்ப் படங்களைக் காட்டுங்கள். சிலுவைக் காட்சி கிட்டத்தட்ட இல்லை. திரும்பத் திரும்ப வருவது யோனா. மீன் வாயிலிருந்து வெளியே வருகிறார், பிறகு கொடிப்பந்தலின் கீழே காலை நீட்டிப் படுத்திருக்கிறார். நம் வேதாகமத்தில் அது ஆமணக்குச் செடி, அவர்கள் கிரேக்க வேதத்தில் வாசித்தது சுரை, அதனால் படத்தில் சுரைக்காய்கள் தொங்கும். கடவுள் சொன்ன ஊருக்குப் போகப் பயந்து கப்பல் ஏறி ஓடினவனைத்தான் கல்லறைச் சுவரில் வரைந்துகொண்டார்கள்.

பையனைத் தனியாகக் கூப்பிட்டு எதுவும் ஆறுதல் சொல்ல வேண்டாம், அவன் கூச்சப்படுவான். சிர்த்தா பதிவை வகுப்பில் வேஷமில்லாமல், ஆளுக்கு ஒருவர் பேச்சாக வாசிக்கும்போது அவனை எழுத்தராகப் போடுங்கள், செருப்பை எண்ணி எழுதுகிற ஆள். இரண்டாம் வாரம் பாலிகார்ப் பாடம் எடுக்கும்போது, போன வாரம் மிஸ் கேட்ட கேள்வி தப்பு என்று வகுப்பில் எல்லார் முன்பாகவும் சொல்லிவிடுங்கள். கை தூக்கிய மற்றவர்களுக்கும் அது தேவைப்படும்.